பச்சோந்தி எதற்காக நிறம் மாறுகிறது?

பச்சோந்தி நிறம் மாறும் என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எதற்காக மாறுகிறது என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே விடை சொல்வார்கள்: இருக்கும் இடத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு ஒளிந்துகொள்வதற்காக. மேடையில் கட்சி மாறியவரைப் பச்சோந்தி என்று திட்டுவதும் இந்த விடையை நம்பித்தான். ஆனால் இக்கேள்விக்கு அரிஸ்டாட்டில் காலம் தொட்டு ஒன்றுக்கொன்று பொருந்தாத விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கடந்த 30 ஆண்டுகளில் நடந்த அளவீடுகளைப் பார்த்தால், ஊரறிந்த விடை முற்றிலும் தவறில்லை. என்றாலும் இருக்கும் விடைகளில் அதற்கே ஆதாரம் குறைவு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விடைகளின் வரலாற்றையும் வலுவையும் கல்வராயன் மலைக் காட்டில் வாழும் இந்தியப் பச்சோந்தியை முன்வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

மலையும் பிராணியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட எல்லையில், தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டு இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு. தென்மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளில் ஒன்றான இது வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டாகப் பேசப்படும். முன்னது சுமார் 2,700 அடி, பின்னது சுமார் 4,000 அடி உயரம். அடிவாரத்தில் காரையும் சூரையும் விராலியும் மண்டிய முட்புதர்க்காடு. அதற்கு மேலே மூங்கிலும் வேங்கையும் கடுக்காயும் கலந்த இலையுதிர்காடு. ஒதுக்கமான பள்ளங்களில் மட்டும் சோலை. மாசி, பங்குனியில் சரிவுகளின் பெரும்பகுதி இலை கொட்டி மொட்டையாக நிற்கும். மழைக்குப் பின் அதே சரிவு அடர்பச்சையாகிவிடும். நிறம் மாறும் பிராணிக்கு இந்தப் பருவ மாற்றம் என்ன பொருள் தருகிறது என்பதற்குப் பின்னால் வருவோம்.

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தியாவில் இருப்பது ஒன்றே ஒன்று. கமிலியோ ஜெய்லானிகஸ் என்ற பெயரில் 1768இல் லாரென்டி இதை விவரித்தார். இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் பாகிஸ்தானிலும்கூட இது வாழ்கிறது. மரபணு ஒப்பீடுகள் இதை அரேபியத் தீபகற்பத்துப் பச்சோந்திகளின் நெருங்கிய உறவாகக் காட்டுகின்றன.

மூக்கு முதல் வால் நுனி வரை ஓரடிக்குச் சற்று மேல் நீளம். பக்கவாட்டில் தட்டையான உடல், தலைமேல் கூம்பிய மகுடம், தனித்தனியே சுழலும் கண்கள், கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வால். முன்காலில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் இது தலைகீழ். முன்னும் பின்னும் அசைந்தாடி ஓரடி வைத்து நின்று, மறுபடி அசைந்து நடக்கும். காற்றில் ஆடும் இலைகளுக்கு நடுவே அந்த நடை கண்ணில் படுவதே அரிது. தட்டை உடல், அசையும் நடை, மெதுவான வேகம் ஆகிய மூன்றுமே மறைப்புத்தான். நிறம் ஒரு சிறிதும் மாறாவிட்டாலும் இந்த மறைப்பு வேலை செய்யும். நிறமாற்றத்தைப் பற்றிப் பேசும் பலர் தொடக்கத்திலேயே மறந்துவிடுவது இதைத்தான்.

பழைய விடைகள்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பச்சோந்தியை அறுத்துப் பார்த்தவர் போல விவரிக்கிறார். உடலைக் காற்றால் உப்பவைக்கும்போது நிறம் மாறுகிறது, முதலையைப் போலக் கறுப்பாகவும் பல்லியைப் போல வெளிறியும் ஆகிறது, கண்ணும் வாலும்கூட மாறுகின்றன, செத்தால் வெளிறிப்போகிறது என்றெல்லாம் குறித்தார். சுற்றுப்புறத்தின் நிறத்தை அது எடுத்துக்கொள்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது உடலின் உள்நிலையோடு சேர்ந்த மாற்றம்.

சுற்றுப்புறக் கதையைப் பரப்பியதில் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினிக்குப் பெரிய பங்கு உண்டு. எதன் அருகே இருக்கிறதோ அதன் நிறத்தைப் பெறும், சிவப்பும் வெள்ளையும் மட்டும் வராது என்றார். காற்றைத் தின்றே வாழ்கிறது என்றும் எழுதினார். காற்று உணவு என்ற கருத்தைப் பின்வந்தோர் கைவிட்டுவிட்டார்கள். சுற்றுப்புற நிறம் என்ற கருத்து மட்டும் கேள்வியின்றி நிலைத்தது. ஒரே நூலின் இரு கூற்றுகளில் ஒன்று கட்டுக்கதையாகவும் மற்றது இயற்கை விதியாகவும் ஆனதற்குச் சோதனை எதுவும் காரணமாக இருக்கவில்லை.

தமிழ் மரபில் இந்தப் பிராணிக் கூட்டம் வேறு விதமாக இடம்பெறுகிறது. குறுந்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில் ஓந்தி, வழிப்போக்கர் நிமித்தம் பார்க்கும் உயிராக வருகிறது. அங்கே பேசப்படுவது அதன் முதுகின் வடிவம், நிறமன்று. அரம்போன்ற அந்த முதுகை வைத்துப் பார்த்தால் அது ஓணானாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்வின், வாலஸ் ஆகியோரின் கருத்துகளுக்குப் பின் மறைப்பு நிறம் பற்றிய ஆய்வு தனித்துறையாக வளர்ந்தது. எட்வர்ட் பூல்டனின் 1890ஆம் ஆண்டு நூலும் ஹ்யூ காட்டின் 1940ஆம் ஆண்டு நூலும் விலங்குகளின் நிறத்துக்குப் பயன் என்ன என்ற கேள்வியை முறைப்படுத்தின. பிளினியின் பழைய கூற்றுக்கு இதனால் ஓர் அறிவியல் உடை கிடைத்தது: மறைந்தவை பிழைத்தன, ஆகவே மறையும் திறன் வளர்ந்தது. தருக்கம் நன்றாகவே இருந்தது. ஆனால் பச்சோந்தியின் நிறமும் பின்புலத்தின் நிறமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று கருவி வைத்து அளக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

தோலுக்குள் நடப்பது

எதற்காக என்பதற்கு முன் எப்படி என்பதைப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் பொறியமைப்பே சில விடைகளை நெருக்குகிறது.

1834இல் ஆன்ரி மில்ன்-எட்வார்ட்ஸ், தோலில் வெவ்வேறு ஆழத்தில் நிறமிகள் இருப்பதையும் ஆழத்திலுள்ளது மேலெழுந்து பரவுவதையும் வைத்து நிறமாற்றத்தை விளக்கினார். 1852இல் எர்ன்ஸ்ட் புருக்கே இதை விரிவாக்கி, நிறமியோடு ஒளியியல் விளைவும் சேர்ந்திருப்பதைச் சுட்டினார். 1928இல் லான்சலாட் ஹாக்பென், மிர்விஷ் இருவரும் பச்சோந்தி வெளிறுவது நரம்புகளின் கட்டுப்பாட்டில் நடப்பதைச் சோதனைகளால் காட்டினார்கள். நொடிகளிலிருந்து நிமிடங்களுக்குள் நிறம் மாற முடிவது இதனால்தான்.

பெரிய திருப்பம் 2015இல் வந்தது. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் மிலின்கோவிச் குழு, மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் குவானின் என்ற பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் ஒழுங்கான அடுக்கில் இருப்பதையும், பச்சோந்தி அந்தப் படிகங்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதையும் கண்டது. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்புகின்றன. மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியில் இடைவெளி ஏறத்தாழ 30 விழுக்காடு விரிகிறது. திருப்பப்படும் ஒளி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நோக்கி நகர்கிறது. கருமையும் வெளிறலும் வேறு வழியில் நடக்கின்றன. மெலனின் நிரம்பிய செல்கள் தம் கிளைகளில் கருநிறமியைப் பரப்பினால் தோல் இருள்கிறது, உள்ளே இழுத்துக்கொண்டால் வெளுக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது: பச்சை என்பது ஓய்வு நிலை. இலைக்கு நடுவே அமைதியாக இருக்கும் பச்சோந்தி இலையைப் பார்த்துப் பச்சையாகத் தேவையில்லை. சும்மா இருந்தாலே பச்சைதான். சிறுத்தைப் பச்சோந்தியின் ஆண்களில் கண்ட இதே அமைப்பு இந்திய இனத்திலும் அப்படியே இருக்கும் என்று உறுதியாகக் கொள்ள முடியாது. இந்திய இனம் சிவப்போ நீலமோ ஆவதில்லை; பச்சை, மஞ்சள், பழுப்பு, கருமை ஆகியவற்றுக்குள்தான் அதன் மாற்றம். ஆனாலும் அமைதியில் பச்சை, கலக்கத்தில் வேறு நிறம் என்ற பொதுப்போக்கு இதிலும் தெரிகிறது.

ஒளிந்துகொள்ள என்ற விடை

மறைப்பு விடைக்கு ஆதரவான மிக நல்ல சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. தேவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அட்னான் முசல்லி, மார்ட்டின் வைட்டிங் ஆகியோர் அங்குள்ள குள்ளப் பச்சோந்தி ஒன்றின் முன் கீச்சான் வகைப் பறவையின் மாதிரியையும் மரப்பாம்பின் மாதிரியையும் காட்டினார்கள். 2008இல் வெளிவந்த முடிவு: பறவைக்கு முன் பச்சோந்தியின் நிறம் பின்புலத்தோடு கூடுதலாகப் பொருந்தியது, பாம்புக்கு முன் பொருத்தம் குறைவு. ஆனால் பாம்பின் நிறப்பார்வை மந்தமானது என்பதால் அதன் கண்ணுக்கு அந்தக் குறைந்த பொருத்தமே போதுமானதாக இருந்தது. எதிரி யார் என்று பார்த்து நிறம் அமைகிறது என்றால், அது மறைப்பு நோக்கத்துக்குக் கிட்டத்தட்ட நேரடிச் சான்று. கல்வராயன் காட்டில் வல்லூறும் பாம்புகளும் பகலெல்லாம் இரை தேடும் நிலையில் இப்படி ஒரு திறனுக்குப் பயன் இருக்கும் என்பதில் ஐயமில்லை.

குறைகள் வேறிடத்தில் இருக்கின்றன. பின்புலத்துக்கு ஏற்ப எந்த நிறத்தையும் எடுக்கும் என்ற பரவலான நம்பிக்கையை எந்த அளவீடும் தாங்கவில்லை. பச்சோந்தியின் நிறவரம்பு ஒவ்வொரு இனத்துக்கும் முன்பே வரையறுக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் இலையும் மரப்பட்டையும் இருப்பதால் பொருத்தம் இயல்பாகவே கிடைக்கிறது.

இன்னொரு குறை, நாம் பச்சோந்தியைப் பார்க்கும் சூழல். நம் ஊர்களில் அது பெரும்பாலும் சாலையைக் கடக்கும்போதோ யாரோ பிடித்து வைத்திருக்கும்போதோதான் கண்ணில் படுகிறது. அப்போது உடல் உப்பி, கரும்புள்ளிகள் எழும்பி, வாய் திறந்து சீறுகிறது. தார்ச்சாலையில் கறுத்த பச்சோந்தியைப் பார்த்தவர் அது சாலையின் நிறத்துக்கு மாறிவிட்டது என்று நினைப்பதில் வியப்பில்லை. அந்தக் கருமையை அச்சத்தின் நிறம் என்று கொள்வதே பொருத்தம். பச்சைப் புல்மேல் வைத்து மிரட்டினாலும் அது கறுக்கும். விஷம் என்று பயந்து அடித்துக் கொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பச்சோந்திக்கு விஷம் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது.

வெயிலும் குளிரும்

1906இல் ஜார்ஜ் பார்க்கர், பல்லியினங்களின் கருநிறமி ஒளிக்கும் வெப்பத்துக்கும் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்தார். இருண்ட தோல் வெயிலை அதிகம் உறிஞ்சும், வெளிறிய தோல் திருப்பி அனுப்பும். வெளிவெப்பத்தை நம்பி வாழும் உயிருக்கு இது பெரிய வசதி. கென்யப் பச்சோந்திகளில் 1993இல் வெளிவந்த ஆய்வும் உடல் வெப்பநிலையோடு நிறம் மாறுவதைக் காட்டியது. காலைக் குளிரில் வெயில் பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளிறியும் பச்சோந்திகள் அமர்ந்திருப்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். சுற்றுப்புறத்தை ஒத்திருப்பதுதான் நோக்கம் என்றால் உடலின் இரு பக்கமும் இப்படி வேறுபடுவதற்குக் காரணம் சொல்வது கடினம்.

ஆனால் வெப்ப விடையால் கோடுகளையும் புள்ளிகளையும் விளக்க முடியாது. வெயில் காய முதுகு இருண்டால் போதும். மஞ்சள் பட்டைகள் எழத் தேவையில்லை. இரவிலும் இந்த விடை தடுமாறுகிறது. தூங்கும் பச்சோந்தி மிக வெளிறிப்போகிறது. வெயிலே இல்லாத நேரத்தில் வெயிலைத் திருப்பும் நிறத்துக்கு என்ன பயன்? அது பயனுக்காக வந்த நிறமாக இல்லாமல், நரம்புக் கட்டுப்பாட்டின் துணைவிளைவாகவும் இருக்கலாம். எல்லா நிறத்துக்கும் ஒரு பயனைத் தேடும் பழக்கமே சில நேரம் ஆய்வைத் திசைதிருப்புகிறது.

நிறத்தால் பேசுதல்

இன்று அதிக ஆதாரத்தோடு நிற்கும் விடை, நிறம் மற்றொரு பச்சோந்திக்கான செய்தி என்பது. ஸ்டூவர்ட்-ஃபாக்ஸும் முசல்லியும் 2008இல் தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளின் 21 கிளைவழிகளை ஒப்பிட்டார்கள். மறைப்புத்தான் காரணம் என்றால், பலவகைப் பின்புலங்களில் வாழும் கிளைவழிகளுக்கே நிறம் மாறும் திறன் அதிகம் இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆண்கள் மோதும்போது காட்டும் நிறம் எந்தக் கிளைவழியில் அதிகம் பளிச்சிடுகிறதோ அதற்கே மாறும் திறனும் அதிகம். ஒளிவதற்கு நேர்மாறாக, தம்மைக் காட்டிக்கொள்ளவே இத்திறன் வளர்ந்தது என்ற முடிவுக்கு இது இட்டுச்செல்கிறது.

2013இல் ரஸ்ஸல் லிகன், கெவின் மெக்ரா இருவரும் ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்திகளின் மோதலைப் படம்பிடித்து அளந்தார்கள். பக்கவாட்டுப் பட்டைகள் அதிகம் பிரகாசித்தவை எதிராளியை நோக்கி முன்னேறும் வாய்ப்பு அதிகம். தலை எவ்வளவு வேகமாகப் பிரகாசித்தது என்பது வெற்றியை முன்சொன்னது. உடலின் ஒவ்வொரு பகுதியும் வேறு செய்தி சொல்கிறது. அடுத்த ஆண்டு லிகன், தோற்ற ஆண் கறுத்துப்போவது பணிவின் அறிகுறி என்று காட்டினார். இந்த இனம் அரேபிய வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதால், குள்ளப் பச்சோந்தியைவிட நம் இனத்துக்கு நெருங்கிய சான்று இதுவே. ஸ்பெயினில் குவாட்ராடோ செய்த ஆய்வு, பெண்ணின் உடல்நிறம் அதன் இனப்பெருக்க நிலையை அறிவிப்பதைக் காட்டியது. முட்டை சுமக்கும் பெண் தன்னை நெருங்கும் ஆணை நிறத்தாலேயே தடுக்கிறது.

2022இல் வைட்டிங் குழு வெளியிட்ட ஆய்வு இரு விடைகளையும் ஒரே களத்தில் நிறுத்தியது. கென்யாவிலிருந்து 1972இல் ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்ட 36 ஜாக்சன் பச்சோந்திகளின் வழித்தோன்றல்கள், கொன்றுண்ணிகள் குறைந்த அத்தீவில், கென்ய உறவுகளைவிடப் பளிச்சென்ற நிறங்களைக் காட்டுகின்றன. எதிரியின் கண் செய்திக்குக் கடிவாளம் போடுகிறது. எதிரி குறைந்தால் செய்தி ஓங்குகிறது. அரை நூற்றாண்டில் வந்த இந்த மாற்றத்தில் எவ்வளவு மரபுவழி, எவ்வளவு வளர்ந்த சூழலின் விளைவு என்பது பிரித்தறியப்பட வேண்டியது.

செய்தி விடைக்கும் ஒரு வரம்பு உண்டு. 21 கிளைவழி ஒப்பீடு, திறன் எதனால் பெருகியது என்பதைச் சொல்கிறது. முதலில் எதனால் தோன்றியது என்பதைச் சொல்லவில்லை.

ஓணானையும் சேர்த்துப் பார்த்தால்

தோற்றம் பற்றிய கேள்விக்குப் பச்சோந்தியை மட்டும் பார்ப்பது போதாது. அதன் நெருங்கிய உறவுக் குடும்பம் ஓணான்கள். கல்வராயன் அடிவாரத்தில் இரண்டையும் அருகருகே காணலாம். வேலியோரத்து ஓணானை 1802இல் தோதான் விவரித்தார். அவர் கொடுத்த இனப்பெயரே பல நிறம் கொண்டது என்று பொருள்படும். இந்த இனத்தின் அடையாளத்தை உறுதிசெய்ய 2016இல் தேர்ந்த மாதிரி உயிர் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவக்கும். ஒளிவதற்கு இதைவிடப் பொருந்தாத நிறம் இருக்க முடியாது.

வெட்டவெளிப் பாறையில் வாழும் பாறை ஓணான் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர், அனுராதா படப்யால் இருவரும் 2017இல் காட்டியபடி, ஆண் பெண்ணை ஈர்க்கும்போது நிறங்களுக்கிடையிலான முரண் கூடுகிறது. போட்டி ஆணின் முன் நிறம் மாறும் வேகம் கூடுகிறது. கேட்பவர் யார் என்பதற்கேற்ப ஒரே தோல் இரண்டு விதமாகப் பேசுகிறது.

ஆகவே நிறமாற்றம் பச்சோந்தியின் தனிச்சொத்து இல்லை. இரு குடும்பங்களின் பொது முன்னோரிடமே அதன் எளிய வடிவம் இருந்திருக்கலாம். வெப்பத்துக்கும் ஒளிக்கும் இருண்டு வெளுக்கும் பழைய திறன்மேல் செய்தி சொல்லும் புதிய திறன் ஏறியது என்று கொண்டால், வெப்ப விடையும் செய்தி விடையும் மோத வேண்டியதில்லை. எதிரி நெருக்கும் இடங்களில் மறைப்பும் அத்திறனைப் பயன்படுத்திக்கொண்டது. இன்றைய சான்றுகளுக்கு மிகவும் இசைவான வாசிப்பு இதுவே என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

திறந்திருக்கும் கேள்விகள்

மேலே கண்ட அளவீடுகளில் பெரும்பகுதி மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, ஏமன் ஆகிய இடங்களின் இனங்களில் நடந்தவை. அவற்றைக் கல்வராயன் பச்சோந்திக்கு நீட்டுவதில் கவனம் தேவை. குள்ளப் பச்சோந்திகளின் வாழிடம் ஆண்டு முழுதும் இப்படிப் பச்சைக்கும் மொட்டைக்கும் இடையே ஊசலாடுவதில்லை. நம் இலையுதிர்காட்டில் ஒரே மரம் ஐப்பசியில் பச்சை, பங்குனியில் பழுப்பு. மறைப்பு விடை சரியென்றால் கோடையில் பச்சோந்திகளின் ஓய்வு நிறமே பழுப்புப் பக்கம் சாய வேண்டும். வெப்ப விடை சரியென்றால் பருவத்தைவிடப் பொழுதே முக்கியம்: காலையில் இருண்டு, உச்சியில் வெளுக்க வேண்டும். செய்தி விடை சரியென்றால் இரண்டையும் மீறி, இனப்பெருக்கக் காலத்தில், மற்றொரு பச்சோந்தி எதிர்ப்படும்போது பெரிய மாற்றங்கள் குவிய வேண்டும். மூன்று கணிப்புகளும் வேறு வேறு நேரத்தைச் சுட்டுவதால், இந்த மலைச்சரிவில் அவற்றைத் தனித்தனியே சோதித்துவிட முடியும்.

பெண்ணின் நிறம் இன்னொரு இடைவெளி. முட்டையிட மரத்தைவிட்டு இறங்கி மண்ணைத் தோண்டும் நாட்களில்தான் அது அதிக ஆபத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் அது ஆணுக்குச் சொல்லும் மறுப்பு நிறமும் தரையில் மறைய வேண்டிய தேவையும் எப்படி இணங்குகின்றன என்பது கேட்கப்பட வேண்டியது. ஜெனீவாக் குழு ஆழத் தோலில் கண்ட இரண்டாவது படிக அடுக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்புகிறது. அது வெப்பத் தடுப்பா என்பது 2015இல் ஓர் ஊகமாகவே முன்வைக்கப்பட்டது. மேட்டின் குளிருக்கும் அடிவாரத்தின் கொதிப்புக்கும் இடையே வாழும் ஓர் இனத்தில் அதைச் சோதிப்பது பொருத்தமாக இருக்கும்.

இதற்கெல்லாம் பச்சோந்தியைக் கலைக்காமல் பார்க்க வேண்டும். கலைந்த உடனே அது காட்டுவது நம்மைப் பற்றிய நிறம். வழி ஒன்று உண்டு. தூங்கும் பச்சோந்தி வெளிறியிருப்பதால் இரவில் கைவிளக்கு ஒளியில் எளிதில் அகப்படும். இடத்தைக் குறித்துக்கொண்டு, விடிவதற்கு முன் தொலைவில் கேமராவையும் வெப்பமானியையும் நிறுத்தி, அது விழித்து முதல் வெயில் வாங்கும் நேரத்திலிருந்து பதிவைத் தொடங்கலாம். ஒரே மரங்களில் மழைக்காலத்திலும் இலையுதிர்காலத்திலும் இதைச் செய்தால், மூன்று விடைகளில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதற்கு இந்திய இனத்திலிருந்தே எண்கள் கிடைக்கும். கோடையில் தரைத்தீ பரவும் சரிவுகளையும் வண்டிகள் கூடிவரும் மலைச்சாலைகளையும் நினைத்தால், அந்த வேலையை அதிக நாள் தள்ளிப்போட முடியாது.